ஒரே பண்பு, பல வகுப்புகள்: புரோட்டெஜே ஆன்டாலஜி மென்பொருள் பற்றிய மதிப்புரை

ஒரு துறையின் கருத்துகளையும் அவற்றுக்கிடையேயான உறவுகளையும் கணினி கையாளும்படி எழுதிவைக்கும் மாதிரியே ஆன்டாலஜி. அதன் வடிவமைப்பில் இறங்கும் எவரும் மிக விரைவில் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு பண்பை ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு உரியதாக எழுதுவது எப்படி? நூலுக்கு வெளியீட்டாளர் உண்டு. இசைத்தட்டுக்கும் வெளியீட்டாளர் உண்டு. தரவுத்தளம் வடிவமைத்துப் பழகியவர் இரண்டு அட்டவணைகளிலும் அதற்கென ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நிரலாளர் இரண்டு வகுப்புகளிலும் ஒரே பெயரில் ஒரு புலத்தை எழுதிக்கொள்வார். ஆன்டாலஜிகளை எழுதப் பயன்படும் அவுல் மொழியிலோ பண்பு எந்த வகுப்புக்குள்ளும் அடங்கியிருப்பதில்லை. வகுப்பைப் போலவே அதுவும் தனித்து நிற்கும் ஒன்று. அதற்கும் வகுப்புக்கும் உள்ள உறவைத் தனிக் கூற்றுகளாகத்தான் எழுத வேண்டும். அந்தக் கூற்றுகள் எதைச் சொல்கின்றன என்று புரியாமல் எழுதினால், மாதிரி முழுவதும் சத்தமில்லாமல் தவறாகிவிடும்.

ஆன்டாலஜிகளை எழுதவும் திருத்தவும் உதவும் புரோட்டெஜே மென்பொருளை இந்த ஒரு வேலையைக் கொண்டே இங்கே மதிப்பிடுகிறேன். அதில் இன்னும் எத்தனையோ வசதிகள் இருக்கின்றன. ஆயினும் ஒரு பண்பைப் பல வகுப்புகளோடு இணைக்கும் வேலை, திருத்தும் திரை, எழுதிய கூற்றுகளிலிருந்து தர்க்க முடிவுகளைத் தருவிக்கும் ரீசனர், விளக்கம் தரும் வசதி, வினவும் வசதி என அதன் முக்கிய உறுப்புகள் அனைத்தையும் தொட்டுச் செல்வதால், மென்பொருளின் தரத்தை அறிய இது நல்ல உரைகல்.

புரோட்டெஜே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், மருத்துவத் தகவலியல் துறையில் மார்க் மியூசன் 1980களின் பிற்பகுதியில் செய்த ஆய்வுப் பணியிலிருந்து வளர்ந்தது. அவுல் மொழிக்கெனப் புதிதாக எழுதப்பட்ட நான்காம் பதிப்பில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கும் பெரும் பங்கு உண்டு. இப்போது புழக்கத்தில் இருப்பது ஐந்தாம் பதிப்பு வரிசை. மூலநிரல் திறந்தது, விலை கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஆக்ஸ்ஃபோர்டில் உருவான ஹெர்மிட் ரீசனர் அதனுடனேயே சேர்ந்து வருகிறது. உலாவியில் இயங்கும் வெப்புரோட்டெஜே என்ற இன்னொரு வடிவமும் உண்டு என்றாலும், இங்கே நான் பேசுவது கணினியில் நிறுவிக்கொள்ளும் வடிவத்தைப் பற்றியே.

வேலையைத் தொடங்குவோம். நூல், இசைத்தட்டு, நிறுவனம் என்று மூன்று வகுப்புகளையும், வெளியிட்டவர் என்று ஒரு பண்பையும் உருவாக்குகிறோம். பண்பின் விவரப் பலகத்தில் டொமைன் என்ற தலைப்புக்கு அருகே உள்ள கூட்டல் குறியை அழுத்தி, வகுப்பு மரத்திலிருந்து நூலைத் தேர்ந்தெடுக்கிறோம். மறுபடியும் கூட்டல் குறியை அழுத்தி இசைத்தட்டைத் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் அமர்ந்துவிடுகின்றன. பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். நூலுக்கும் இசைத்தட்டுக்கும் வெளியீட்டாளர் இருக்கலாம் என்று சொல்லிவிட்டதாகவே யாருக்கும் தோன்றும்.

உண்மையில் நாம் சொல்லியிருப்பது வேறு. வெளியீட்டாளர் உள்ள எதுவாயினும் அது ஒரே நேரத்தில் நூலாகவும் இசைத்தட்டாகவும் இருக்கிறது என்பதே அந்த இரண்டு வரிகளின் பொருள். டொமைன் என்பது அனுமதிச் சீட்டாகச் செயல்படுவதில்லை. முடிவுக்கு வரும் விதியாகச் செயல்படுகிறது. 'வெளியிட்டவர் பண்பின் டொமைன் நூல்' என்றால், வெளியீட்டாளர் ஒருவரோடு இணைக்கப்பட்ட எந்தப் பொருளைக் கண்டாலும் அது நூல் என்று முடிவுகட்டலாம் என்று பொருள். இரண்டாவது டொமைன் வரியும் அதே போல் இன்னொரு முடிவைத் தருகிறது. இரண்டு வரிகளும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதால், விளைவு இரண்டு கணங்களின் வெட்டு ஆகிறது, அதாவது இரண்டிலும் இருப்பவை மட்டும். நாம் நினைத்திருந்ததோ சேர்ப்பு, அதாவது இரண்டில் ஒன்றிலேனும் இருப்பவை.

புரோட்டெஜே இதை மறைக்கவில்லை என்பதை முதலில் பாராட்டிச் சொல்ல வேண்டும். விவரப் பலகத்தில் டொமைன், ரேஞ்ச் (பண்பின் மதிப்பு எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பது) ஆகிய தலைப்புகளுக்குப் பக்கத்திலேயே, இங்கே பல வகுப்புகளை இட்டால் அவற்றின் வெட்டாகவே கொள்ளப்படும் என்பதைக் குறிக்கும் சொல் அடைப்புக்குறிக்குள் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்தத் துறையின் மிகப் பரவலான பிழையை ஒரே சொல்லால் தடுக்க முயலும் நல்ல வடிவமைப்பு இது. ஆனால் அந்தச் சொல் சிறிய எழுத்தில், எப்போதும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறது. ஒரே டொமைன் இருக்கும்போதும் அது அங்கேதான் இருக்கும். இரண்டாவதைச் சேர்க்கும் தருணத்தில் அது பளிச்சென்று நம்மை நிறுத்துவதில்லை. பழகியவர் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விடுகிறது. புதியவருக்கு அதன் பொருள் விளங்குவதில்லை. தடுக்க வேண்டிய நொடியில் தடுக்காமல், பின்னர் நாமே தேடி வந்து படிக்கும் அறிவிப்பாக அது நின்றுவிடுவது குறையே.

மொழியை வகுத்தவர்கள் ஏன் வெட்டைத் தேர்ந்தார்கள் என்று பலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எடுத்த எடுப்பில் அதைத் தேர்ந்துவிடவில்லை. அவுலுக்கு அடித்தளமான ஆர்டிஎஃப் ஸ்கீமா மொழியின் 2000ஆம் ஆண்டு வரைவில், பல டொமைன்கள் இருந்தால் அவற்றுள் எந்த வகுப்பின் உறுப்போடும் பண்பைப் பயன்படுத்தலாம் என்றே இருந்தது. 2004 பிப்ரவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தபோது அது வெட்டாக மாறியிருந்தது. காரணம் எளியது, வலுவானது. இணையத்தில் எந்தக் கோப்பும் முழுமையானது என்று கொள்ள முடியாது. ஒரு பண்பைப் பற்றி இன்னொருவர் இன்னொரு கோப்பில் மேலும் ஒரு வரி எழுதியிருக்கலாம். பல டொமைன்கள் சேர்ப்பாகக் கருதப்பட்டால், ஒரு வரியைப் படித்துவிட்டு எந்த முடிவுக்கும் வர இயலாது. வேறெங்கோ உள்ள இரண்டாவது வரி முதல் முடிவைக் கவிழ்த்துவிடும். வெட்டாகக் கருதினால், புதிய வரி எப்போது வந்தாலும் பழைய முடிவு நிலைத்து நிற்கும். உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் தரவுக்கு இந்த நிலைத்தன்மை இன்றியமையாதது. அவுல் மொழியும் 2004இலும், இரண்டாம் வடிவம் 2009இல் வந்தபோதும், இதே பொருளைக் கைக்கொண்டது.

புரோட்டெஜேயின் சொந்த வரலாற்றிலும் இந்தத் திருப்பம் இருக்கிறது. மூன்றாம் பதிப்பு வரை அதில் ஃபிரேம்ஸ் என்ற வேறொரு முறையும் இருந்தது. அதில் பண்பு என்பது வகுப்போடு கோத்து வைக்கப்படும் ஒன்று. ஒரே பண்பை எத்தனை வகுப்புகளோடு வேண்டுமானாலும் கோக்கலாம். அவ்வாறு கோத்தவுடன் அந்த வகுப்புகளுக்கான தரவுப் படிவத்தில் அதற்குரிய கட்டம் தானே தோன்றும். அந்தப் பழக்கத்துக்கு இசைவாக, மூன்றாம் பதிப்பின் அவுல் திரையும் பல டொமைன்களை இட்டால் சேர்ப்பாகவே எழுதிவைத்தது. நான்காம் பதிப்பிலிருந்து ஒவ்வொன்றும் தனி வரியாக எழுதப்பட்டு, வெட்டாகிவிட்டது. மூன்றாம் பதிப்பின் கோப்புகளில் சேர்ப்பு வெளிப்படையாகவே பதிவாகியிருப்பதால் அவற்றைப் புதிய பதிப்பில் திறந்தால் பொருள் மாறுவதில்லை. அந்தக் காலத்துப் பயிற்சிக் குறிப்புகளைப் படித்துவிட்டு இன்றைய திரையில் கை வைப்பவர்தான் தடுமாறுகிறார். இணையத்தில் இரு காலத்துக் குறிப்புகளும் கலந்து கிடப்பதால், படிக்கும் குறிப்பு எந்தப் பதிப்புக்கு உரியது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

இனி ரீசனரை இயக்கிப் பார்ப்போம். இந்த மென்பொருளின் மதிப்பே இங்கேதான் இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் இசைத்தட்டை அந்த வகுப்பின் உறுப்பாக எழுதி, அதற்கு ஒரு வெளியீட்டாளரைக் கொடுத்து ஹெர்மிட்டை இயக்கினால், அந்த உறுப்பு நூல் வகுப்பையும் சேர்ந்தது என்று மஞ்சள் பின்னணியில் ஒரு வரி தோன்றும். நாம் எழுதியது வெள்ளையிலும் ரீசனர் கண்டது மஞ்சளிலும் வருவதால் இரண்டும் குழம்புவதில்லை. நூலும் இசைத்தட்டும் வெட்டாக் கணங்கள், அதாவது பொது உறுப்பே இல்லாதவை, என்று முன்னரே எழுதியிருந்தால், ஆன்டாலஜி முழுவதும் முரண்பட்டது என்று ஒரு பெட்டி திறந்து எச்சரிக்கும். உறுப்பு எதுவும் இல்லாமல், 'ஒவ்வோர் இசைத்தட்டுக்கும் குறைந்தது ஒரு வெளியீட்டாளர் உண்டு' என்ற கட்டுப்பாட்டை மட்டும் வகுப்பில் எழுதியிருந்தால், இசைத்தட்டு என்ற வகுப்பே உறுப்புகளைப் பெற முடியாத வெற்று வகுப்பு என்று சிவப்பு நிறத்தில் காட்டப்படும்.

ஆனால் இந்த எச்சரிக்கைகள் ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையைச் சார்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். வெட்டாக் கணங்கள் என்று எழுதாதவரை முரண்பாடு எதுவும் எழாது. வெளியீட்டாளர் உள்ள இசைத்தட்டுகள் எல்லாம் நூல்களும்தான் என்று ரீசனர் அமைதியாக ஏற்றுக்கொள்ளும். வெட்டாக் கணங்கள் என்று எழுதியிருந்தும், உறுப்பும் இல்லை, 'குறைந்தது ஒன்று' என்ற கட்டுப்பாடும் இல்லை என்றால், வகுப்பு மரத்தில் எங்கும் சிவப்பு தெரியாது. பண்பு மட்டும் யாரும் ஒருபோதும் பயன்படுத்த முடியாத பண்பாகிக் கிடக்கும். வடிவமைப்புக் கட்டத்தில் பெரும்பாலான மாதிரிகள் இந்த நிலையில்தான் இருக்கும்: உறுப்புகள் இன்னும் வரவில்லை, கட்டுப்பாடுகள் இன்னும் எழுதப்படவில்லை. ஆகவே பிழை உண்டாகும் காலத்தில் அது கண்ணில் படுவதில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகள் ஏற்றப்பட்ட பின்னரே வெடிக்கிறது.

இதற்கு மென்பொருளிலேயே ஒரு நல்ல மருந்து இருக்கிறது; ஆனால் அது அங்கே இருப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். டிஎல் குவெரி என்ற தாவலைத் திறந்து, 'வெளியிட்டவர் சம் அவுல் திங்' என்ற கோவையை, அதாவது 'ஏதேனும் ஒரு வெளியீட்டாளர் உள்ளவை அனைத்தும்' என்ற பொருள் தரும் கோவையை, அவுல் கோவைகளை எளிய ஆங்கிலச் சொற்களால் எழுதும் மான்செஸ்டர் தொடரமைப்பில் எழுதி, மேல்வகுப்புகள், சமவகுப்புகள் என்ற இரண்டு கட்டங்களையும் குறியிட்டு வினவ வேண்டும். ரீசனர் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. உறுப்பு ஒன்றுகூடத் தேவையில்லை. டொமைன் கூற்று என்பதே 'இந்தப் பண்பு உள்ளவை அனைத்தும் அந்த வகுப்பைச் சேர்ந்தவை' என்ற உள்வகுப்புக் கூற்றின் சுருக்க வடிவம் என்பதால், மேல்வகுப்புகளின் பட்டியலில் அந்தப் பண்பின் உண்மையான டொமைன் அப்படியே வந்து நிற்கும். நூலும் இசைத்தட்டும் இரண்டும் அங்கே தெரிந்தால், வெட்டு ஆகிவிட்டது என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். சமவகுப்பாக வெற்று வகுப்பு தெரிந்தால், பண்பு செத்துவிட்டது என்று பொருள். நாம் நேரடியாக எழுதாமல், மேல்பண்பு ஒன்றிலிருந்து இறங்கி வந்த டொமைன்களையும் இது சேர்த்துக் காட்டிவிடும். கண்ணால் தேடினால் எளிதில் சிக்காதவை அவை.

விளக்கம் தரும் வசதியைப் பற்றி எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். மஞ்சள் வரியின் ஓரத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தினால், அந்த முடிவுக்கு இட்டுச் சென்ற கூற்றுகளை மட்டும், வேண்டாத ஒன்றுகூட இல்லாமல், அடுக்கிக் காட்டுகிறது. 'இந்தத் தட்டு ஏன் நூலாகிவிட்டது?' என்ற கேள்விக்கு விடை இரண்டே வரிகளில் கிடைத்துவிடுகிறது: இதற்கு வெளியீட்டாளர் உண்டு, வெளியிட்டவர் பண்பின் டொமைன் நூல். ஆன்டாலஜி கற்பிப்பவர்கள் டொமைன் என்றால் என்ன என்று மணிக்கணக்கில் பேசுவதைவிட, மாணவரை ஒருமுறை இந்தப் பிழையைச் செய்யவிட்டு, அந்தக் கேள்விக்குறியை அழுத்தச் சொல்வது மேல் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

சரி, நாம் விரும்பிய சேர்ப்பை எப்படி எழுதுவது? கூட்டல் குறியை அழுத்தும்போது திறக்கும் பெட்டியில் வகுப்பு மரத்தோடு, கோவை எழுதும் தாவல் ஒன்றும் உண்டு. அங்கே 'நூல் ஆர் இசைத்தட்டு' (நூல் அல்லது இசைத்தட்டு) என்று ஒரே கோவையாக எழுதினால் போதும். பெயர்களைத் தானே நிரப்பித் தருவதும், பிழையைச் சிவப்பில் அடிக்கோடிடுவதும் எழுதும் வேலையை எளிதாக்குகின்றன. மென்பொருளைப் பொறுத்தவரை இந்த வேலை சுத்தமாக முடிந்துவிடுகிறது. ஆனால் சேர்ப்பு எழுதுவதே சரியான முடிவா என்பது வேறு கேள்வி. என் விடை, பெரும்பாலும் இல்லை என்பதே.

முதலாவது, சேர்ப்பு தரும் முடிவு மிக மெலிதானது. ஒரு பொருளுக்கு வெளியீட்டாளர் உண்டு என்றால் அது நூலாகவோ இசைத்தட்டாகவோ இருக்கும் என்பதற்கு மேல் ரீசனருக்கு எதுவும் கிடைப்பதில்லை. இரண்டாவது, அவுல் 2 மொழியின் மூன்று சுருக்க வடிவங்களான இஎல், கியூஎல், ஆர்எல் ஆகியவற்றுள் ஒன்றுகூட டொமைனில் சேர்ப்பை அனுமதிப்பதில்லை. பெரிய மருத்துவ ஆன்டாலஜிகளை வேகமாகக் கையாளும் எல்க் ரீசனரை இணைத்துக்கொண்டால், அந்த வரிக்கு முழு ஆதரவு கிடைக்காது. மூன்றாவதும் மிக முக்கியமானதுமான காரணம், சேர்ப்பை வெளியிலிருந்து விரிவாக்க முடியாது என்பது. நம் ஆன்டாலஜியை இறக்குமதி செய்யும் ஒருவர் நிலப்படத்துக்கும் வெளியீட்டாளர் வேண்டும் என்று நினைத்தால், அவரால் நம் கோவைக்குள் ஒன்றைச் சேர்க்க இயலாது. அவர் எழுதும் புதிய டொமைன் வரி வெட்டாகச் சேர்ந்து, இருப்பதை மேலும் குறுக்கிவிடும். டொமைனை வெளியாள் குறுக்க முடியுமே தவிர அகலப்படுத்த முடியாது.

டபிள்யூ3சியின் இரண்டு பரிந்துரைகளைப் புரோட்டெஜேயில் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால் இந்தத் தேர்வின் இரு பக்கங்களும் தெளிவாகத் தெரியும். 2013இல் வந்த புரொவ்-ஓ, தரவின் தோற்ற வரலாற்றைப் பதிவதற்கானது. அதில் இருப்பிடத்தைக் குறிக்கும் பண்பின் டொமைன், செயல், செய்பவர், பொருள், கணநேர நிகழ்வு ஆகிய நான்கின் சேர்ப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆன்டாலஜி ஆர்எல் வடிவத்துக்குள் அடங்கும்படியே திட்டமிடப்பட்டது. ஆயினும் இத்தகைய சேர்ப்புகள் உள்ள சில கூற்றுகள் மட்டும் விதிவிலக்காக நின்றுவிட்டன. நான்கே நான்கு அடிப்படை வகுப்புகள், இனி மாறப்போவதில்லை என்ற நிலையில் அவர்கள் செய்தது ஏற்கத்தக்கதே. 2017இல் வந்த சோசா, உணரிகளையும் அவதானிப்புகளையும் விவரிப்பது. பலரும் பல துறைகளில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதால் அது டொமைன் கூற்றையே தவிர்த்துவிட்டு, இணையப் பக்கங்களின் தரவைக் குறிக்கும் சொற்களைத் தரும் ஸ்கீமா.ஆர்க் தொகுப்பிலிருந்து 'டொமைன் இன்க்ளூட்ஸ்' என்ற குறிப்பை எடுத்துக்கொண்டது. இந்தப் பண்பு இந்த வகுப்புகளோடு வருவது வழக்கம் என்று அது சொல்கிறது. எந்த முடிவையும் ரீசனர்மேல் திணிப்பதில்லை. கூகுள், பிங், யாகூ மூன்றும் 2011இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க்கில் ஆசிரியரைக் குறிக்கும் பண்புக்கு, படைப்பு, மதிப்பீடு என இரண்டு வகுப்புகள் இந்தக் குறிப்பின்கீழ்த்தான் தரப்பட்டிருக்கின்றன. அங்கே மட்டும் டொமைன் கூற்றைப் பயன்படுத்தியிருந்தால், இணையத்தில் ஆசிரியர் பெயர் குறித்த ஒவ்வொரு கட்டுரையும் ஒரு மதிப்பீடாகவும் ஆகியிருக்கும்.

சோசாவைத் திறக்கும்போது புரோட்டெஜேயின் ஒரு போதாமையும் வெளிப்படுகிறது. டொமைன் பலகம் வெறுமையாக இருக்கும். இந்தக் குறிப்புகள் எல்லாம் விளக்கக் குறிப்புகளின் பலகத்தில், பதிப்புரிமை வரிக்கும் விளக்க உரைக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கும். தர்க்க நோக்கில் அது சரியே. ஆனால் பண்பு எந்த வகுப்புகளுக்கு உரியது என்று அறிய வரும் மனிதருக்கு அதுவே முதலில் தெரிய வேண்டிய செய்தி. இவ்வளவு பரவலாகிவிட்ட ஒரு வழக்கத்துக்கு, டொமைன் பலகத்துக்கு அடியில் சாம்பல் நிறத்திலாவது ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

நான் பரிந்துரைக்கும் முறை வேறு. பல வகுப்புகளுக்கும் உண்மையிலேயே ஒரு பொதுத்தன்மை இருந்தால், அதற்கு ஒரு பெயரிட்டு மேல்வகுப்பாக்கி, அதையே ஒரே டொமைனாகக் கொடுக்கலாம். வெளியீடு என்ற வகுப்பை உருவாக்கி, நூலையும் இசைத்தட்டையும் அதன்கீழ் வைத்தால், நாளை நிலப்படத்தைச் சேர்க்க விரும்புபவர் அதையும் அதன்கீழ் வைத்துவிட்டுப் போகலாம். நம் கோப்பைத் தொட வேண்டியதில்லை. இது இஎல் வடிவத்துக்குள்ளும் அடங்கும். ஆனால் டொமைன் எழுதுவதற்காகவே செயற்கையாக ஒரு வகுப்பைப் புனைந்தால், 'எடை உள்ளவை', 'முகவரி உள்ளவை' என்று பெயருக்காக மட்டும் நிற்கும் வகுப்புகள் பெருகிவிடும். கட்டடத்துக்கும் மனிதருக்கும் முகவரி உண்டு என்பதற்காக இரண்டையும் ஒரே தாய்க்குப் பிள்ளைகளாக்குவது முறையாகாது.

அப்படிப்பட்ட இடங்களில் டொமைனை வெறுமையாக விட்டுவிட்டு, கட்டுப்பாட்டை வகுப்பின் பக்கத்தில் எழுதுவதே நல்லது. நூல் வகுப்பின் பலகத்தில் 'வெளியிட்டவர் சம் நிறுவனம்' என்று எழுதினால், ஒவ்வொரு நூலுக்கும் குறைந்தது ஒரு நிறுவனம் வெளியீட்டாளராக உண்டு என்று பொருள். 'வெளியிட்டவர் ஒன்லி நிறுவனம்' என்று எழுதினால், வெளியீட்டாளர் இருந்தால் அது நிறுவனமாகவே இருக்கும் என்று மட்டும் பொருள். வெளியீட்டாளரே இல்லாத நூலையும் அது ஏற்றுக்கொள்ளும். இசைத்தட்டுக்கு வேறு கட்டுப்பாட்டை எழுதலாம். அதன் வெளியீட்டாளர் தனி மனிதராகவும் இருக்கலாம் என்று தளர்த்தலாம். ஒரே பண்பு ஒவ்வொரு வகுப்பிலும் தனக்குரிய விதத்தில் நடந்துகொள்ள இது இடமளிக்கிறது. டொமைன் கூற்றால் இது ஒருபோதும் முடியாது. இதை எழுதுவதற்குப் புரோட்டெஜே தரும் வசதி, பண்பு மரத்தையும் வகுப்பு மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கச் செய்யும் அந்தச் சிறு பெட்டி, மிகச் சிறப்பாக இருக்கிறது. தொடரமைப்பு தெரியாதவரும் சில நிமிடங்களில் பழகிவிடுவார்.

பல துறைகளில் பொருத்தமான இன்னொரு வழி, உட்பண்புகளாகப் பிரிப்பது. படைத்தவர் என்ற பொதுப் பண்பின்கீழ் நூலாசிரியர், இசையமைத்தவர் என்று இரண்டை வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் டொமைனைக் கொடுக்கலாம். பொதுப் பண்புக்கு டொமைன் கொடுத்தால் அது உட்பண்புகளின்மேலும் பாயும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு தேவை மிஞ்சுகிறது. நூலுக்கும் இசைத்தட்டுக்கும் தவிர வேறெதற்கும் யாரும் வெளியீட்டாளரை எழுதிவிடக் கூடாது, எழுதினால் பிழை என்று காட்ட வேண்டும் என்பதே பலர் மனத்தில் உண்மையில் இருக்கும் விருப்பம். அந்த வேலையை அவுல் செய்யாது. அது திறந்த உலகக் கொள்கையில் இயங்குவது. தெரியாததைப் பொய்யென்று கொள்ளாது. தவறான இடத்தில் பண்பைக் கண்டால் அந்த இடத்தையே சரியானதாகக் கருதி முடிவுக்கு வரும். தரவைச் சரிபார்க்க 2017இல் பரிந்துரையான ஷாக்கல் மொழி இருக்கிறது. அதில் ஒரே பண்பு வடிவத்தை எழுதிவைத்துப் பல வகுப்புகளின் வடிவங்களிலிருந்து சுட்டலாம். அதுவே 'ஒரு பண்பைப் பல வகுப்புகளோடு இணைத்தல்' என்று தொடக்கநிலையாளர் மனத்தில் கொண்டிருக்கும் படத்துக்கு மிக அருகில் வருவது. புரோட்டெஜேயில் ஷாக்கல் இயல்பாக இல்லை. தனியாக நிறுவ வேண்டிய செருகுநிரல் வழியாகவே வருகிறது. மாதிரியை வரைபவரே தரவையும் சரிபார்க்க வேண்டிய சிறு குழுக்களுக்கு இது உண்மையான இழப்பு.

அதைவிடப் பெரிய இழப்பு, வகுப்பின் பக்கமிருந்து பார்க்கும் பார்வை. நூல் வகுப்பைச் சொடுக்கினால், அதற்கு எந்தெந்தப் பண்புகள் பொருந்தும் என்ற பட்டியலைப் புரோட்டெஜே தருவதில்லை. அதன் கட்டுப்பாடுகள் தெரியும். மேல்வகுப்பிலிருந்து வந்தவை தெரியும். பயன்பாட்டுப் பலகத்தில் அந்த வகுப்பைக் குறிப்பிடும் எல்லாக் கூற்றுகளும் கலந்து கிடக்கும். 'பொருந்தும் பண்புகள்' என்ற கருத்தே அவுல் மொழியில் இல்லை என்பதால் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது என்று வாதிடலாம். நான் அந்த வாதத்தை ஏற்கவில்லை. டொமைன், கட்டுப்பாடு, 'டொமைன் இன்க்ளூட்ஸ்' குறிப்பு ஆகிய மூன்றையும் திரட்டி ஒரே பலகத்தில், எது எங்கிருந்து வந்தது என்ற அடையாளத்தோடு காட்டுவது தர்க்கத்துக்கு எந்த ஊறும் செய்யாது. துறை வல்லுநரோடு உட்கார்ந்து மாதிரியைச் சரிபார்க்கும் வேளையில் பெரிதும் உதவும். மருத்துவரோ நூலகரோ பண்பு மரத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. தம் வகுப்பைப் பார்த்தே பேசுகிறார்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். வகுப்புகளுக்கும் பண்புகளுக்கும் மொழிக்குறியோடு தமிழ்ப் பெயர்ச்சீட்டுகளைக் கொடுத்து, பெயர்ச்சீட்டையே திரையில் காட்டும்படி அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்; எந்த மொழிக்கு முன்னுரிமை என்பதையும் அங்கேயே குறிப்பிடலாம். கோவைகளை எழுதும்போது இடைவெளி உள்ள பெயர்களை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் இட வேண்டும். 'வெளியீட்டு நிறுவனம்' போன்ற இரு சொல் பெயர்கள் தமிழில் மிகுதி என்பதால் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

ஆன்டாலஜி கற்க விரும்புவோர்க்கும், சிறிய, நடுத்தர அளவு மாதிரிகளைத் தர்க்கப் பிழையின்றி எழுத விரும்புவோர்க்கும் புரோட்டெஜேயையே தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் இத்தகைய விளக்க வசதி இருப்பது பெரும் பேறு. தரவுப் படிவம் அமைப்பதும் பதிவுகளைச் சரிபார்ப்பதும்தான் நோக்கம் என்றால், ஷாக்கலை மையமாகக் கொண்ட கருவியைத் தேடுவது நல்லது. பிறர் எழுதிய ஆன்டாலஜி ஒன்று கைக்கு வந்து, அதைப் புரோட்டெஜேயில் திறக்கிறீர்கள் என்றால், வேறெதையும் தொடுவதற்கு முன் பண்புத் தாவலுக்குச் சென்று, டொமைன் பலகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வரி உள்ள பண்புகளைக் குறித்துக்கொண்டு, ரீசனரை இயக்கி, ஒவ்வொன்றையும் மேலே சொன்ன டிஎல் குவெரி வினாவால் சோதித்துவிடுங்கள். வெட்டு என்று தெரிந்தே எழுதியவரும் இருப்பார். எழுதியவரைக் கேட்டு உறுதி செய்யாமல் எந்த வரியையும் நீக்க வேண்டாம்.